சி நான்கில் தொடங்கிய ஆட்டம்

புதுக்கோட்டை, தூத்துக்குடி வட்டம்,
24.1.2025

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியான் மாப்பிள்ளையின் சரக்குத் தோணி மாலத்தீவு மாலியில் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டதாக நம் கிளப்பு ஜோன்ஸ் சொன்னான். கேட்டு நிம்மதியானேன்.

ஐந்து நாளாக உன் போனுக்கு அடிக்கிறேன், மணியே போகவில்லை. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று என் மகள் பார்த்துச் சொன்னாள். கடைசியில் என்னைத் தபாலாபீஸ் வரிசையில் நிற்க வைத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டியில் நடந்ததற்கு நான் என்ன செய்யட்டும்? ஆட்டத்தின் நடுவில் யாருடைய போன் ஒலிக்கிறதோ அவருக்குத் தோல்வி. அந்த விதியை நானா எழுதினேன்? நடுவர் முத்துக்கனி முடிவு சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் பங்கு. அதற்குப் போய், கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் தங்கையாக இருந்த இத்தனை வருடப் பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதா?

உண்மையைச் சொன்னால் அந்தப் போன் உன்னைக் காப்பாற்றியது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ராஜா முன்னால் நிற்கிற சிப்பாயைத் தள்ளு, நடுக் கட்டத்தைப் பிடி, நெஞ்சை நிமிர்த்தி ஆடு. உன் முதல் மூவே சி4, பக்கவாட்டுச் சிப்பாய். இங்கிலீஷ் ஓபனிங் என்று பெயர் வைத்துவிட்டால் பெரிய ஆட்டமாகிவிடுமா? மைதானத்தை எதிராளிக்கு விட்டுவிட்டு வேலியோரமாக நின்று எட்டிப் பார்க்கிற ஆட்டம். முன்வாசல் திறந்திருக்கும்போது பின்பக்கக் குசினி வழியாக வீட்டுக்குள் வருகிற ஆட்களை என்ன சொல்வது? பெண்களுக்கு அது பழக்கமோ என்னவோ.

இரண்டு சிப்பாய் அதிகம் என்று நீ சந்தோஷப்பட்டிருப்பாய். கடைசிக் கட்டத்தில் உன்னைப் பிரித்து மேய்ந்திருப்பேன். ஜோன்ஸிடம் கேட்டுப் பார்.

மாவட்ட அணியில் எனக்கு இது இருபதாவது வருடம். நான்கு பேரில் ஒருவனாக இடம் வந்துவிட்டது. நீ ஐந்தாவது. வருத்தம் இருக்கும், புரிகிறது. மகளிர் போட்டியில் ஆடிப் பாரேன், அங்கே சி4 எடுபடும்.

சனிக்கிழமை கிளப்புக்கு வா. வாசலிலேயே உன் போனை வாங்கி வைத்துக்கொள்கிறேன். சிரிப்புக்குச் சொன்னேன், கோபப்படாதே.

உன் அன்பு அண்ணன்,
இரா. முத்துச்செல்வம், எம்.எஸ்சி., பி.எட்.


மட்டக்கடை, தூத்துக்குடி,
31.1.2025

மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கு ஹில்டா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடம் இருக்குமா என்று கடைசியில் பார்க்கிறேன்.

பட்டங்களையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தங்கைக்கு எழுதுகிற கடிதத்தில் பி.எட். எதற்கு என்று என் பெரியவள் கேட்டாள். அண்ணாச்சியின் பெயருக்குத் தனியாக நிற்கப் பயம் என்றேன்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் குறுக்கே பேசுவீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் உங்களிடம் நான் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடித்ததில்லை. தாளில் முடிக்கலாம்.

முதலில் ஆட்டம். உங்கள் நினைவில் அது வேறு விதமாக நடந்திருக்கிறது. நான் சி4 தள்ளியதும் நீங்கள் பக்கத்துப் போர்டில் இருந்த ஜோன்ஸைப் பார்த்துச் சிரித்தீர்கள். "குசினி வழியா வாராளாம்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நான் பிஷப்பை ஜி2-இல் வைத்தேன். நடுக் கட்டங்களை உங்களிடமே விட்டேன், நீங்கள் அதில் கால் நீட்டி உட்கார்ந்தீர்கள். பி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். பதின்மூன்றாவது மூவில் என் குதிரை சி5-இல் வந்து உங்கள் ராணியையும் பிஷப்பையும் ஒன்றாக மிரட்டியபோது நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள். வேறு வழியில்லாமல் குதிரையை வெட்டினீர்கள். நான் சிப்பாயால் திருப்பி வெட்டினேன், பி வரிசை திறந்தது. பதினைந்தாவது மூவில் என் யானை பி7 சிப்பாயை வெட்டி அங்கே நின்றது. பத்தொன்பதில் இரண்டாவது சிப்பாயும் விழுந்தது. குசினி வழியாக வந்தவளுக்கு வீட்டில் ஒன்றுமே வேகவில்லை என்பது தெரிந்துவிட்டது. உங்கள் காது சிவந்துபோனது. அப்போதுதான் நீங்கள் எழுந்து போனீர்கள்.

போன் ஒலித்தால் தோல்வி. சரி. விதியை நான் குறை சொல்லவில்லை. பையில் போனை அணைக்காமல் வைத்தது என் தப்பு, தோற்றதும் சரி. அந்த ஒரு பாயிண்ட்டை நீங்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அன்று காலை போட்டி மண்டபத்து வாசலில் பேசியதை மட்டும் உங்கள் கடிதத்தில் காணவில்லை. மறந்திருப்பீர்கள், எடுத்துச் சொல்கிறேன்.

"மாலி போன தோணியில இருந்து நாலு நாளா ஒரு சத்தமும் இல்ல அண்ணாச்சி. அங்கன காத்து மோசம்னு சொல்லுதாங்க. போன அணைக்க மனசு வரல" என்றேன்.

நீங்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "ஏளா, அணைக்காத. பைக்குள்ள கிடக்கட்டும், ஆரு பார்க்கப் போறா? தண்டல் பொண்டாட்டி தைரியமா இருக்கண்டாமா" என்றீர்கள்.

தோணியை நடத்துகிற தண்டலாகப் போனவர் என் புருஷன். அந்தப் பதினோரு மணி நாற்பது நிமிடத்துக்கு என் பை ஒலித்தபோது எனக்குப் போர்டும் தெரியவில்லை, கடிகாரமும் தெரியவில்லை. எடுத்துக் காதில் வைத்தேன். யாரும் பேசவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. இருபத்தோராவது மூவில் எழுந்து எங்கே போனீர்கள்?

யோசித்து எழுதுங்கள். உங்கள் கடிகாரம் ஓடவில்லை, நேரம் இருக்கிறது.

ஹில்டா மரியான்


புதுக்கோட்டை,
6.2.2025

ஹில்டாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தேன். என் வீட்டம்மாவிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் உனக்குத்தான் அசிங்கம்.

எங்கே போனேன் என்று கேட்கிறாய். ஐம்பத்து நான்கு வயது மனிதன், சர்க்கரை வியாதிக்காரன், ஆட்டத்தின் நடுவில் எங்கே போவான்? பாத்ரூமுக்குப் போனேன். முகம் கழுவினேன். வந்து பார்த்தால் உன் நாற்காலி காலி, முத்துக்கனி நின்றுகொண்டிருக்கிறார். இதை நான் எழுதிக் கையெழுத்து வேறு போட வேண்டியிருக்கிறது. நீ என்ன வக்கீலா?

ஒரு நாளைக்குப் பத்து முறை லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று எவனாவது அடிக்கிறான். அப்படி ஒரு அழைப்பு வந்திருக்கும். அதற்கும் எனக்கும் முடிச்சுப் போடுகிறாயே, உன் புத்தி ஏன் இப்படிப் போகிறது? கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்து எல்லாப் பெட்டியிலும் கள்ளச்சரக்கு இருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாய்.

யானை எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று தெரியாமல் கிளப்புக்கு வந்தவள் நீ. உன்னை உட்காரச் சொன்னவன் நான். அந்த நன்றி உனக்கு வேண்டாம், குறைந்தபட்சம் மரியாதையாவது வேண்டும்.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஜோன்ஸ் முன்னிலையில் வருத்தம் தெரிவித்துவிடு. இல்லையென்றால் கிளப்புப் பட்டியலில் உன் பெயர் இருக்காது. செயலாளர் என்ற முறையில் சொல்கிறேன்.

முத்துச்செல்வம்


மட்டக்கடை,
12.2.2025

முத்துச்செல்வம் அண்ணாச்சிக்கு,

கடைசி முறையாக இந்த 'அண்ணாச்சி'. உறவுமுறைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் பாத்ரூமுக்குப் போய்விட்டீர்கள்.

பதில் தெரியாமல் நான் கேட்கவில்லை. போட்டி நடந்த அன்று மாலையே எனக்குத் தெரியும், மறுநாள் உறுதியும் ஆயிற்று. நீங்களாகச் சொல்வீர்களா என்று இருபத்து நான்கு நாள் காத்திருந்தேன். சர்க்கரை வியாதி மேல் பழி போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அழைப்பு வந்த அந்த நம்பருக்கு மண்டபத்து வாசலில் இருந்தே மூன்று முறை திரும்ப அடித்தேன். எடுக்க ஆளில்லை. மாலையில் மறுபடி அடித்தபோது ஒரு பெண் எடுத்தார்.

"ஆரு பேசுதது?"

"காலையில இந்த நம்பர்ல இருந்து எனக்கு ஒரு போன் வந்துச்சு."

"நான் பேசலியே தாயி. ஒரு சாருதான் போன் கேட்டாவ. தன் போனுல சார்ஜ் இல்லன்னாவ, குடுத்தேன். ஒரு வார்த்தையும் பேசல, காதுல வச்சாவ, வெடுக்குன்னு அமத்திட்டுக் குடுத்துட்டாவ. டீயும் பாதியில வச்சிட்டுப் போயிட்டாவ."

அவர் பெயர் ஆறுமுகத்தாய். மண்டபத்துக்குப் பின்னால் டீக்கடை வைத்திருக்கிறார். மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரில் போனேன். போன வருடம் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தைக் காட்டினேன். இருபத்தோரு பேர் இருக்கிற படம். அவர் யோசிக்கவே இல்லை, உங்கள் மேல் விரலை வைத்தார். "பையில செவப்புப் பேனா ஒண்ணு, நீலப் பேனா ஒண்ணு. வாத்தியாருல்லா? நல்ல மனுசன் மாரி இருந்தாவ" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவருக்கு வாத்தியார்கள் மேல் இருக்கும் மதிப்பைக் கெடுப்பானேன்?

என் நம்பரை எழுதி வைக்காமல் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர். ஒருவர் நடுக்கடலில் இருந்தார்.

இனி, நீங்கள் முகம் கழுவி வந்து உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அது உங்கள் ஸ்கோர் ஷீட்டில் இருக்காது.

நான் மண்டபத்தில் இருந்து பழைய துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, தோணி முதலாளி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து விஜிலா வீட்டுக்கு ஓடினேன். அவள் புருஷனும் அதே தோணியில்தான் போயிருந்தான். கல்யாணமாகி ஏழு மாதம். மீனை ஆய்ந்துகொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல இருந்தா?"

"தெரியலளா. போன் வந்துச்சு. பேச மாட்டேங்காங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் பேசாமல் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, அதே நொடியில் அவளுக்கும் தோன்றியது. அவள் செதிள் ஒட்டிய கையோடு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குச் செய்தி போக எவ்வளவு நேரமாகும்? தோணியில் ஒன்பது பேர். ஒன்பது வீட்டுப் பெண்களும் பன்னிரண்டரை மணிக்கு மாதா கோயிலில் இருந்தார்கள். எவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பெரியவர் வெள்ளைச் சேலைக்காரி ஈவாஞ்சலின், மகனைக் கடலுக்குக் கொடுத்தவர், ஒவ்வொருத்தி தலையையும் தடவிக்கொண்டே போனார். அந்தக் கையை என் தலையில் உணர்ந்தபோது எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே பட்டது. என் சின்னவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இல்லையா?" என்று கேட்டாள். நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அதையும் நான் நம்பியிருப்பேன்.

நாலரை மணிக்கு வேறொரு தோணிக்காரன் மூலம் தகவல் வந்தது. காற்றுக்குப் பயந்து ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டிருந்தார்களாம். எல்லோரும் சுகம். விஜிலா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், பிறகு என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வந்த அடி இல்லை, விலாசம் தெரியாமல் என்னிடம் வந்தது.

பன்னிரண்டு மணியில் இருந்து நாலரை வரை. அந்த நேரத்தில் நீங்கள் பரிசளிப்பில் பேசினீர்கள் என்று ஜோன்ஸ் சொன்னான். 'பொறுமையே சதுரங்கத்தின் பாடம்' என்று பேசினீர்களாம்.

கிளப்புப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்க உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. நானே அடித்துவிட்டு வந்தேன். சிவப்புப் பேனாவால்தான்.

ஹில்டா


புதுக்கோட்டை,
20.2.2025

அன்புள்ள ஹில்டா,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான்தான்.

உன் யானை பி7-க்கு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஆறு மூவ் நான் ஆடியதெல்லாம் சும்மா. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் பிரேயரில் என் பெயரை வாசிப்பார்கள். மாவட்ட அணிக்கு நம் இயற்பியல் ஆசிரியர் என்று. பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல். ஹெட்மாஸ்டர் பதவி வரவில்லை. மகள் என்னிடம் பேசுவதே போன் ரிப்பேர் பார்க்கத்தான். இந்த வருடம் பெயர் வாசிக்க மாட்டார்கள், அதுவும் யாரிடம் தோற்று? நான் உட்கார வைத்தவளிடம், நான் இருபது வருடமாகச் சிரித்த ஒரு ஓபனிங்கில்.

டீக் குடித்தால் தெளியும் என்றுதான் பின்பக்கம் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். டீக்கடைக்காரம்மாவின் போன் மேசை மேல் கிடந்தது. காலையில் நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. உன் நம்பர் விரலுக்குத் தானாக வந்தது. மணி அடித்தால் போதும் என்று நினைத்தேன். நீ எடுப்பாய் என்று நினைக்கவில்லை. "என்னங்க, என்னங்க" என்று நீ கத்தியது காதில் விழுந்ததும் பயந்து வைத்துவிட்டேன்.

மாவட்டச் சங்கத்துக்கு நேற்று எழுதிவிட்டேன். அணியில் இருந்து விலகுகிறேன், ஆட்டத்தின் நடுவில் அனுமதி இல்லாமல் வெளியே போனேன், எதிராளியின் போனை ஒலிக்கச் செய்தவன் நான்தான் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். கிளப்புச் செயலாளர் பொறுப்பையும் ஜோன்ஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

சி4 மோசமான ஆட்டம் இல்லை. நீ அதை நன்றாக ஆடினாய். இருபது வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

மரியான் மாப்பிள்ளை திரும்பியதும் வந்து காலில் விழக்கூடத் தயார். எந்தத் தேதியில் வருகிறார் என்று ஒரு வரி எழுது. நான் உன்னை அழைக்க மாட்டேன். நீ தடுத்ததை எடுக்கவும் வேண்டாம்.

அண்ணன் என்று போட்டுக்கொள்ள யோக்கியதை இல்லாமல்,
முத்துச்செல்வம்


மட்டக்கடை,
16.3.2025

திரு. முத்துச்செல்வம் அவர்களுக்கு,

சங்கத்தில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது. நீங்கள் விலகியதால் ஐந்தாவதாக இருந்த நான் நான்காவது ஆனேன். உங்களுக்கு இரண்டு வருடத் தடை என்று கேள்விப்பட்டேன். ஆட்டத்தின் முடிவு மாறாது, அந்தப் பாயிண்ட் உங்களுடையதுதான். நான் அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

மாநிலப் போட்டிக்குப் போய் வந்தேன். நான்காவது போர்டில் ஏழு ஆட்டம். மூன்று வென்றேன், மூன்று தோற்றேன், ஒன்று சமம். வெள்ளைக் காய் வந்தபோதெல்லாம் சி4தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே யாருக்கும் அது வேலியோரமாகத் தெரியவில்லை, மற்ற மூவ்களைப் போல ஒரு மூவாகத்தான் தெரிந்தது. அதைப் பார்த்தபோது இருபத்திரண்டு வருடம் நான் எவ்வளவு சின்ன அறையில் உட்கார்ந்து ஆடினேன் என்று தோன்றியது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாத்தியார் எழுதியது என்பதால் திருத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேயரில் பெயர் வாசிப்பது பற்றி எட்டு வரி. ஹெட்மாஸ்டர் பதவி உண்டு, மகள் உண்டு, ஜோன்ஸ் கேட்காததால் வந்த வலி உண்டு. விஜிலாவின் பெயர் இல்லை. கோயிலில் இருந்த ஒன்பது வீட்டில் ஒரு வீடுகூட இல்லை. என் சின்னவள் கேட்ட கேள்வி இல்லை. இருபது வருட அணிக்காக அழுதிருக்கிறீர்கள், என் ஆட்டத்தைப் பாராட்டியிருக்கிறீர்கள். ஒரு தெரு முழுவதும் நாலரை மணி நேரம் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு உங்களிடம் ஒரு வரி கிடையாது.

மணி அடித்தால் போதும் என்று நினைத்தீர்களாம். அதை நம்புகிறேன். உங்களுக்குப் பெரிய கொடுமை செய்யத் துணிச்சல் போதாது. ஆனால் என் குரலைக் கேட்டீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்ட பிறகு மண்டபத்துக்குள் நடந்து வந்தீர்கள். நான் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலில் ஆட்டோவைக் கைகாட்டிக்கொண்டு நின்றேன். எதிரே வந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அது நான்தாம்ளா, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாயிண்ட் உங்களிடமே இருந்திருக்கும், போன் ஒலித்தது ஒலித்ததுதான். நான் அங்கேயே சிரித்திருப்பேன், ஒருவேளை திட்டியிருப்பேன், அடுத்த சனிக்கிழமை கிளப்புக்கும் வந்திருப்பேன். நீங்கள் உள்ளே போய் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டீர்கள்.

போன் செய்த மனிதரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கையெழுத்துப் போட்டவரைப் புரிந்துகொள்ள நான் முயற்சி செய்யப்போவதில்லை.

மரியான் திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். கறுத்து, தாடி வளர்ந்து, பிள்ளைகளுக்கு டப்பா மீனும் எனக்கு ஒரு பச்சைக் குடையும் வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்க செஸ் வாத்தியாரு எப்படி இருக்காரு? ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுவமே" என்றார். அவருக்கு உங்களைப் பிடிக்கும், தெரியும்தானே.

நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடிப்பார் என்று நினைக்காதீர்கள். தாடியைச் சொறிந்துகொண்டே, "பாவம், தோத்துப் போற பயத்துல செஞ்சிட்டாரு, விடுளா" என்பார். நீங்கள் வந்து காலில் விழும் முன்பே தூக்கி நிறுத்திச் சோறு போடுவார். கடலில் கிடந்து பழகியவர், மனிதர்களை ரொம்ப எளிதாக மன்னித்துவிடுவார். அது உங்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

"வாத்தியாருக்கு வெளியூருக்கு மாத்தலாயிட்டு" என்று சொல்லிவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டாரே" என்று வருத்தப்பட்டார்.

புருஷனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. பஸ் ஸ்டாண்டிலோ கடைத்தெருவிலோ அவரைக் கண்டால் நீங்கள் அடுத்த தெருவுக்குள் திரும்பிப் போய்விடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஹில்டா மரியான்